காண மறுக்கும் கண்கள்

தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பது நம் பாட்டிமார் பேசும் பழமொழி. எளிய மொழிதான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி பதுங்கியிருக்கிறது. அவன் ஏன் பாசாங்கு செய்கிறான்? எழுந்தால் என்ன நேர்ந்துவிடும் என்று அஞ்சுகிறான்? எழுந்தவுடன் செய்தாக வேண்டிய வேலையொன்று வாயிலில் நிற்கிறது. அதனால்தான் இமைகளை இறுக்கிக்கொள்கிறான்!

இந்த ஒரு கேள்வியை ஐந்து அங்கங்களாக விரித்து நாடகமாக்கினார், நார்வே நாட்டு நாடகப் பேராசான் ஹென்ரிக் இப்சன். 'மக்கள் பகைவன்' என்பது நாடகத்தின் பெயர், 1882-ல் வெளிவந்தது. முந்திய ஆண்டு அவர் எழுதிய 'பேய்கள்' நாடகம், குடும்ப மானம் என்னும் பட்டாடைக்குள் மறைந்திருந்த புண்ணைக் காட்டிற்று. அதற்குப் பரிசாக ஏச்சும் பேச்சும் அவர்மீது மாரியாகப் பொழிந்தன. ஓராண்டு முடியுமுன்னரே அவர் தந்த மறுமொழிதான் 'மக்கள் பகைவன்'. பகுத்தறிவாளர் பலர் நெஞ்சாரப் போற்றும் நாடகம் இது. போற்றத்தக்கதுதான், மறுப்பாரில்லை. ஆயினும், போற்றுகின்ற வேளையிலேயே நாமும் கண்ணை மூடிக்கொள்ளும் இடமொன்று அதில் இருக்கிறது. சிறப்பைச் சொல்லிவிட்டு, அந்த இடத்தையும் சொல்லவே இக்கட்டுரை.

கடற்கரை ஓரத்துச் சிற்றூர். அங்கே ஒரு மருத்துவ நீராட்டு நிலையம். நோயுற்றோர் தொலைவிலிருந்து வந்து தங்கி, நீராடி, நீர் பருகி நலம் பெறலாம் என்று விளம்பரம். நிலையம் வந்தபின் ஊருக்கு வாழ்வு வந்தது, மனையின் மதிப்பு ஏறிற்று, வாடகை உயர்ந்தது, வணிகம் செழித்தது. நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன். நலம் தேடி வந்தவர்கள் நச்சுக்காய்ச்சலோடு படுப்பதைக் காண்கிறார். ஐயம் எழுகிறது. நீரை எடுத்துப் பல்கலைக் கழகத்துக்கு ஆய்வுக்கு அனுப்புகிறார். நீரில் அழுகல் கலந்திருக்கிறது, கிருமிகள் கணக்கின்றி நெளிகின்றன என்று விடை வருகிறது. மேட்டுப் பகுதியிலுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, நிலையத்தின் நீர்க்குழாய்க்குள் கசிகிறது! குழாய்களைத் தோண்டியெடுத்து வேறு இடத்தில் பதிக்க வேண்டும். பெருந்தொகை செலவாகும், இரண்டு ஆண்டுகள் நிலையத்தை மூடியாக வேண்டும்.

மருத்துவர் மகிழ்கிறார். ஆம், மகிழ்கிறார்! ஊரைக் காக்கும் உண்மையைக் கண்டுவிட்டோம், ஊரார் நன்றி சொல்வர், நகரத் தலைவராக இருக்கும் அண்ணன் பீட்டர் தோளில் தட்டிக்கொடுப்பார் என்றெல்லாம் எண்ணுகிறார். பாராட்டு ஊர்வலம் பற்றிய பேச்சுக்கூட எழுகிறது. நாடகத்தில் முதன்முதலாகக் காண மறுக்கும் கண்கள் யாருடையவை என்று என்னைக் கேட்டால், மருத்துவருடையவை என்பேன். நீரிலிருந்த நஞ்சைக் கண்டவர், ஊராரின் நெஞ்சிலிருந்த அச்சத்தைக் காணவில்லை.

இனித்தான் இப்சனின் கைவண்ணம் தொடங்குகிறது. ஏட்டாசிரியர் ஹோவ்ஸ்டாட், அச்சகம் நடத்தும் அஸ்லாக்சன் இருவரும் முதலில் மருத்துவரின் பக்கம். அஸ்லாக்சன் வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தின் தலைவர். எதிலும் நிதானம் வேண்டும் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர். பெரும்பான்மை உங்கள் பின்னால் அணிவகுக்கும் என்று உறுதி கூறுகிறார். பிறகு நகரத் தலைவர் அச்சகத்துக்கு வருகிறார். கிருமியைப் பற்றி அவர் வாதாடவில்லை. ஆய்வறிக்கையைப் பொய்யென்று நிறுவவும் முனையவில்லை. செலவு ஊரார் தலையில் வரியாக விழும் என்று சொல்கிறார். தீர்ந்தது! சற்றுமுன் ஒளிவிட்ட உண்மை அஸ்லாக்சனுக்கு அக்கணமே மங்கலாகிவிடுகிறது. நீர் மாறவில்லை, கிருமி சாகவில்லை, அறிக்கையில் ஓர் எழுத்தும் அழியவில்லை. உண்மையோடு அதன் விலைச்சீட்டும் வந்து சேர்ந்தது, அவ்வளவே!

இந்த நாடகம் கற்பிக்கும் உளநூல் பாடம் இதுதான். உண்மையைக் காண மறுப்பவன் சான்று போதவில்லை என்பதற்காக மறுப்பதில்லை. விலை கொடுக்க மனமில்லாமல் மறுக்கிறான். ஆனால் 'விலை கொடுக்க மாட்டேன்' என்று சொல்ல அவனுக்கு நா கூசுகிறது. எனவே 'சான்று போதாது' என்கிறான். பிறரிடம் அவ்வாறு சொல்லிச் சொல்லி, பின்னர்த் தன்னிடமே சொல்லி, முடிவில் அதை மெய்யாகவே நம்பியும் விடுகிறான். பொய்யனுக்குத் தான் சொல்வது பொய்யென்று தெரியும். காண மறுப்பவனுக்கோ அதுவும் தெரியாது. அதனால்தான் அவனோடு வாதாடுவது அத்துணைக் கடினம்!

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை எழுதி வைத்திருக்கிறார் இப்சன். அச்சகத்தாருக்கு வரி. ஏட்டாசிரியருக்குச் சந்தா. நகரத் தலைவருக்கோ பணத்தைவிடப் பெரியது ஒன்று. குழாய்களை எங்கே பதிக்க வேண்டும் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். கேளாமல் பதித்தவர் அண்ணன். நீர் நஞ்சு என்று ஒப்பினால், 'நான் தவறினேன்' என்றும் ஒப்ப வேண்டும். இலட்சங்களைக் கொடுத்துவிடுவோர் உண்டு. இந்த இரண்டு சொற்களைக் கொடுப்போர் அரியர்.

நாடகந்தானே, கற்றறிந்தோர் மெய்யுலகில் இப்படி நடப்பார்களா என்று ஐயுறும் தோழருக்கு, வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையின் கதையைச் சொல்வேன். அங்கே இரண்டு பிள்ளைப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பணிபுரிந்தனர், மற்றொன்றில் மருத்துவச்சிகள். படித்தவர் கைபட்ட பிரிவில்தான் தாய்மார் பேறுகாலக் காய்ச்சலால் மிகுதியாக மாண்டனர். காரணத்தைத் தேடியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். 1847-ல் அவருடைய நண்பர் கொல்லெச்கா, பிண ஆய்வின்போது கத்தி கீறியதால் இறந்தார். அவரது உடலிலும் அத்தாய்மாரின் உடலிற்கண்ட அதே அறிகுறிகள்! உண்மை விளங்கிவிட்டது. பிணத்தை அறுத்த கையோடு மருத்துவர்கள் பேறுகால அறைக்குள் நுழைந்தனர். சாவும் அவர்களோடு நுழைந்தது. குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டும் என்று மே மாதத்தில் கட்டளையிட்டார் செம்மல்வைஸ். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டு அளவிற்கு இறங்கிற்று.

இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆயினும் மருத்துவ உலகின் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. கைகழுவப் பணமா செலவாகும்? ஒரு பாத்திரம், சிறிது மருந்துநீர், அவ்வளவுதான். அவர்கள் கொடுக்க மறுத்த விலை வேறு. கைகழுவ ஒப்பினால், இத்தனை ஆண்டுகளாகத் தாய்மாரைக் கொன்றது என் கைதான் என்றும் ஒப்பியாக வேண்டுமே! அந்த விலையைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். கீல் நகரத்து மருத்துவர் மிக்கேலிஸ். தாம் மருத்துவம் பார்த்த உறவுப்பெண் ஒருத்தி அக்காய்ச்சலால் இறந்ததற்குத் தம் கையே காரணம் என்று உணர்ந்தார். உணர்ந்ததைத் தாங்க இயலாமல் 1848-ல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். மற்றவர்கள் எதைக் காண அஞ்சிக் கண்ணை மூடினார்கள் என்பதற்கு அந்த ஒரு சாவு போதும். செம்மல்வைசோ வெகுண்டெழுந்து, எதிர்த்தோரைக் கொலைகாரர் என்று திறந்த மடல்களில் சாடினார். சாடல் எவருடைய கண்ணையும் திறக்கவில்லை. 1865-ல், நாற்பத்தேழாம் வயதில், மனநோய் விடுதியொன்றில் அவர் மாண்டார்.

நாடகத்துக்குத் திரும்புவோம். உண்மை உரைத்த மருத்துவரையும் இப்சன் சோதிக்காமல் விடவில்லை. நாடகம் முழுவதிலும் நுட்பமான காட்சி ஐந்தாம் அங்கத்தில் வருகிறது. மருத்துவரின் மாமனார் முறையான மோர்ட்டன் கீல், தோல் ஆலைக்காரர். நீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உள்ளன என்றபோது சிரித்தவர். தன் ஆலைதான் ஊரைக் கெடுத்தது என்னும் பழி, மூன்று தலைமுறைப் பெயருக்கு வந்துவிட்டதே என்று பொறுக்க மாட்டாமல், தம் மகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் வைத்திருந்த பணத்தையெல்லாம் கொடுத்து நிலையத்தின் பங்குகளை வாங்கிவிடுகிறார். இனி மருத்துவர் நீரை நஞ்சென்றால், தம் மனைவி மக்களின் சொத்தையே சாம்பலாக்குகிறார்! அந்தக் கணத்தில் ஸ்டாக்மன் என்ன செய்கிறார்? தடுமாறுகிறார். அறிவியலில் ஏதேனும் மாற்று மருந்து இருக்கலாமே, தடுப்பு முறை ஏதேனும் கண்டுபிடிக்கலாமே என்று முணுமுணுக்கிறார். ஊரார் அனைவரும் பாடிய அதே பாட்டு! சிறிது நேரந்தான், மீண்டுவிடுகிறார். ஆனால் அந்தச் சிறிது நேரத்தை எழுதிய கைக்கு ஆயிரம் வணக்கம் செலுத்தலாம். விலைச்சீட்டு வரும்வரை எல்லாரும் உண்மை விளம்பிகளே என்பதை, தம் வீரனைக் கொண்டே காட்டிவிட்டார் இப்சன்.

இவ்வளவும் சிறப்பு. இனி, நாம் கண்மூடிக் கடந்துவிடும் இடம்.

நான்காம் அங்கம், பொதுக்கூட்டம். நீரைப் பற்றிப் பேச ஸ்டாக்மனுக்குத் தடை விதிக்கிறார்கள். அவர் மக்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பெரும்பான்மை எப்போதும் பிழையே செய்கிறது என்கிறார். அதோடு நிற்கவில்லை, நாய்களை உவமை காட்டுகிறார். தெருநாயையும், பல தலைமுறைகளாக உயர்ந்த வீடுகளில் வளர்ந்த சாதிநாயையும் ஒப்பிட்டு, பிந்தியதன் மூளையே வேறு, மனிதரிடத்தும் அப்படித்தான் என்கிறார். மனிதரில் அவர் சொல்லும் உயர்வு பதவியால் வருவதன்று, அறிவால் வருவது என்பது உண்மை. அண்ணனையே தாழ்ந்தோர் வரிசையில் வைத்துக் காட்டுகிறார். இருந்தும் உவமை உவமைதான். உயர்வு தலைமுறை வழியாக இறங்குகிறது என்ற வாதம் எந்தக் கிணற்று நீர் என்பது, பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் மண்ணில் பிறந்த நமக்கா தெரியாது? வேறெவனாவது இதைச் சொல்லியிருந்தால் வெகுண்டெழுந்திருப்போம். நம் வீரன் சொன்னான். எனவே நம் செவியில் விழவில்லை! மூடநம்பிக்கையைச் சாடுகிறவன் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டுவதும் ஒருவகை மூடநம்பிக்கையே அன்றோ?

அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1950-ல் இந்நாடகத்தைத் தம் நாட்டு மேடைக்கென மாற்றி எழுதியபோது, பிறவி உயர்வு பற்றிய இந்த வாதத்தை நீக்கினார்; நீக்கியதைத் தம் முன்னுரையில் மறைக்கவுமில்லை. இட்லரின் இனவெறிக் கொடுமையைக் கண்டு சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம். அவருடைய நோக்கம் விளங்குகிறது. ஆனால் மேடையில் நாடகம் பார்க்கிறவன் முன்னுரையா படிக்கிறான்? மாசற்ற வீரனைக் கண்டு கைதட்டிவிட்டுப் போகிறான். இப்சன் எழுதிய ஸ்டாக்மன் அதைவிட மெய்யான மனிதர். உண்மைக்காகக் கல்லடி படுகிறவனிடத்திலும் பொய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைக் காட்டுகிற மனிதர். அந்த மாசை மேடையிலேயே விட்டுவைத்து, அதை நோக்கி விரல் நீட்டுவதே மேல் என்பது என் கருத்து.

கூட்டத்தின் முடிவை நாம் அறிவோம். குடிமயக்கத்திலிருந்த ஒருவன் தவிர, அனைவரும் ஸ்டாக்மனை மக்கள் பகைவன் என்று தீர்மானிக்கின்றனர். சன்னல்கள் கல்லெறிபட்டு நொறுங்குகின்றன; வேலை போகிறது; குடியிருக்கும் வீடும் போகிறது. தனித்து நிற்பவனே உலகில் வலிமை மிக்கவன் என்ற கருத்தை அவர் வாயில் வைத்து நாடகத்தை முடிக்கிறார் இப்சன். முழக்கம் இனிக்கிறது. ஆனால் மேடையைப் பாருங்கள், தோழர்களே! அதைச் சொல்லும்போது அவர் தனியாகவா நிற்கிறார்? மனைவி அருகே இருக்கிறார். மகள் கையைப் பற்றிக்கொள்கிறாள். கூட்டத்துக்கு இடந்தந்த கப்பல் தலைவன் ஹார்ஸ்டர் தன் வீட்டையே குடியிருக்கக் கொடுத்திருக்கிறான். அதுமட்டுமா? சற்றுமுன்தான் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், பள்ளி தொடங்கி அவர்களுக்குக் கற்பிக்கப் போகிறேன் என்றார். தெருநாய் என்று ஏசிய வாய், தெருப்பிள்ளைகளிடமே தஞ்சம் புகுகிறது! ஸ்டாக்மனின் முழக்கம் தவறு என்பதற்கு அவருடைய மேடையே சான்று.

இதை உணர்ந்து முடிவை மாற்றியவர் நம் நாட்டுக் கலைஞர் ஒருவர். வங்கத்துச் சத்யஜித் ராய் 1989-ல் இந்நாடகத்தைக் 'கணசத்ரு' என்னும் படமாக்கினார். நீராட்டு நிலையம் அங்கே கோயிலாயிற்று. குழாய் நீர், அடியார் பருகும் தீர்த்தமாயிற்று. சண்டிப்பூர் என்ற ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறது. தீர்த்தத்தில் சாக்கடை கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார் மருத்துவர் அசோக் குப்தா. கங்கை நீரும் துளசியும் சேர்ந்த தீர்த்தம் கெடவே கெடாது என்கிறார்கள் எதிர்ப்போர். கூட்டத்தில் மருத்துவரின் மதப்பற்றைக் கிளறி வாயடைக்கிறார்கள். இப்சனின் ஊரில் விலைச்சீட்டில் வரி மட்டுமே எழுதியிருந்தது. சண்டிப்பூரில் அதன்மேல் தெய்வத்தின் முத்திரையும் விழுந்துவிட்டது. ஆனால் உற்றுப் பார்த்தால், முத்திரைக்கு அடியில் அதே வருமானக் கணக்குத்தான்!

ராயின் படத்தில் மருத்துவர் தனித்து நிற்கவில்லை. நாடகக் குழு இளைஞர்கள் துணை வருகிறார்கள். வேலையை உதறிய ஏட்டாளர் ஒருவர் செய்தியை வெளியிட முன்வருகிறார். அவர் பெயரை வாழ்த்தும் ஒலி வீட்டுக்கு வெளியே எழுகிறது. தாம் தனியரல்லர் என்று அவர் மகிழ்கிறார். இப்சனைவிட இம்முடிவே எனக்கு உகந்தது. ஆயினும் குறையொன்று உண்டு. வாழ்த்தொலி வெளியிலிருந்து வந்து சேர்கிறதே தவிர, அந்த இளைஞர்களின் உள்ளம் எவ்வாறு மாறியது, தீர்த்தம் பருகிய கை எவ்வாறு தயங்கியது என்பதைப் படம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதுவே தலைசிறந்த காட்சியாக இருந்திருக்கும்.

நாடகத்தில் எனக்கு மிக நெருங்கியவள், ஸ்டாக்மனின் மகள் பெத்ரா. அவளும் என்னைப்போல் ஆசிரியை. நல்லவரைத் தெய்வம் காக்கும், தீயவரைத் தண்டிக்கும் என்று கதைக்கும் ஆங்கிலப் புதினம் ஒன்றை மொழிபெயர்த்துத் தருமாறு ஏட்டாசிரியர் கேட்டிருந்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, தான் நம்பாததை எழுத மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். வீட்டில் வாய்மூடியிருக்க வேண்டும், பள்ளியிலோ பிள்ளைகள் முன்னின்று பொய்யுரைக்க வேண்டும் என்று முதல் அங்கத்திலேயே அவள் வருந்துகிறாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் வகுப்பு நினைவிற்கு வருகிறது.

எட்டாம் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன். எல்லாரும் சேர்ந்து பாடம் படிக்கும்போது அவனுடைய உதடும் அசையும். வாசிப்புத் திறன் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக 'வாசிக்கிறான்' என்று குறித்துக் கையொப்பமிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் நான் அவனைத் தனியாக எழுந்து படிக்கச் சொன்னதேயில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் தெரிந்துவிடும்! தெரிந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் கேள்வி வரும். மாலையில் மணி அடித்த பின்னும் அவனோடு அமர வேண்டும். என் விலைச்சீட்டு அவ்வளவு சிறியது. அதைக் கொடுக்காமலிருக்க, இரண்டு கண்ணும் நன்றாயிருந்த நான் ஓராண்டு குருடனாக இருந்தேன். மாலையில் மேடையேறி மூடநம்பிக்கையைப் பற்றி முழங்கியதும் அதே ஆண்டில்தான்!

இந்த நாடகத்தை இரண்டாம் முறை படித்து முடித்த மறுநாள் அவனை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. அவனைப்போல் இன்னும் ஐவர் இருந்தனர். தனியாக அமர்ந்தபோது அரைமணி நேரம் மலையாகத் தெரிந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர், 'மூவரை என்னிடம் அனுப்புங்கள்' என்றார். மலை பாதியாயிற்று. பதிவேட்டை இப்போது நாங்கள் இருவரும் மெய்யாகவே நிரப்புகிறோம்.

ஸ்டாக்மனும் செம்மல்வைசும் கற்றுக்கொள்ளாத பாடம் இதுவே என்று நினைக்கிறேன். உண்மையை உரக்கச் சொல்லுதல் பாதி வேலை. அதன் விலையைத் தூக்கத் தோள்கொடுத்தல் மறுபாதி. குழாயை மாற்றும் வரியை யார் யார் எவ்வளவு சுமப்பது, நிலையம் மூடியிருக்கும் இரண்டாண்டில் கூலிக்காரன் வீட்டு அடுப்பு எப்படி எரிவது என்று ஸ்டாக்மன் ஒரு வரியேனும் பேசியிருந்தால், அஸ்லாக்சனைப் போன்றோர் சிலரேனும் கண்ணைத் திறந்திருக்கக்கூடும். அவர் கண்டுபிடித்ததைச் சொன்னார், பிறகு ஏசினார். இடையில் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

இந்நாடகத்தைப் படியுங்கள், மேடையேற்றுங்கள், நாய் உவமையை நீக்காமல் ஏற்றுங்கள். ஊரில் ஒருவர் உங்கள் சொல்லைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரை மடையர் என்று முடிவு கட்டுமுன், நம் சொல்லோடு சேர்த்து அவர் கையில் என்ன விலைச்சீட்டைத் திணித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு, வீடு திரும்பி, உங்களுடைய பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.